துருவும் தகடும்: பழைய சிறு காரை வீட்டிலேயே மீட்பது பற்றி

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங், பிரதமர் இந்திரா காந்தியின் கையிலிருந்து முதல் மாருதி 800இன் சாவியை வாங்கினார். விலை 47,500 ரூபாய். 2010இல் அவர் காலமாகும்வரை அந்தக் கார் அவரிடமே இருந்தது. பிறகு வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடிக்கத் தொடங்கியது. அதன் படங்கள் பரவிப் பலரும் வருந்திய பின், தயாரித்த நிறுவனமே அதை எடுத்துச் சீர்செய்து தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது. அந்த ஒரு காருக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையே நின்றது. ஆனால் 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இந்தியாவில் விற்ற 800கள் 25 லட்சத்துக்கும் மேல். அவற்றில் மிஞ்சியவை பல, அடுக்குமாடிகளின் பின்புறத்திலும் வேப்பமரத்தடியிலும் காற்றிறங்கிய டயரோடு நிற்கின்றன. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை என்று வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அப்படி ஒன்றை வீட்டிலேயே மீட்க முடியுமா, எதுவரை நாமே செய்யலாம், எங்கே நிறுத்திக்கொண்டு கைதேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டும்?

முடியும் என்பதே என் முடிவு. ஆனால் பெரும்பாலோர் பணத்தையும் உழைப்பையும் தவறான இடத்தில் போடுகிறார்கள். பெயிண்ட் மின்னினால் கார் மீண்டுவிட்டதாக எண்ணிவிடுகிறோம். ஒரு சிறு காரின் உயிர் கண்ணுக்குத் தெரியும் தகட்டில் இல்லை. கதவுக்கு அடியிலும் தரைக்கு அடியிலும் மூடிக்கிடக்கும் பெட்டிகளில் இருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத அந்த இடங்களுக்குத்தான் செலவில் பெரும்பங்கு போக வேண்டும்.

என்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் கார்புரேட்டர் முதல் கியர்பாக்ஸ் வரை கிடைக்கும். உடற்கூடு அப்படியில்லை. 800க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கவாட்டுப் பெட்டிகள், கூரை, சக்கர வளைவு எல்லாம் மெல்லிய தகடுகளை ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங் செய்து கட்டிய ஒரே கூடு. அந்தக் கூடுதான் சேசிஸ். ஆகவே அதில் ஏறிய துரு, சேசிஸில் ஏறிய துரு.

இந்த இடத்தில் எல்லாச் சிறு கார்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி வரைந்த அந்த வண்டியின் உடல் பல துண்டுகளாகப் போல்ட்டில் பூட்டியது. கழற்றித் தனியாக வைத்து, கீழே சேசிஸை மட்டும் பார்க்கலாம். வீட்டில் மீட்க நினைப்பவருக்கு அது பெரிய வசதி. அதன் பக்கவாட்டுத் தகடு ஓட்டையானால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். ஆனால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்துப்போனால் ஆபத்து. ஃபியட் 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினி, 800ஐப் போலவே ஒற்றைக் கூடு. தகடு கொஞ்சம் தாராளம் என்பதால் கெட்டியாகத் தெரியும். ஆனால் ஜாக்கி வைக்கும் இடங்களும் தரையும் அழுகினால் அதே கதிதான். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

இரும்பும் நீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்தோம். பட்டறைக்கு அதைவிட உதவுவது கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் செய்து காட்டிய எளிய சோதனை. பளபளப்பான எஃகின் மேல் ஒரு துளி உப்பு நீர். துளியின் விளிம்பில் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. இந்த வேறுபாடே அந்தத் துளியை ஒரு குட்டி மின்கலமாக ஆக்கிவிடுகிறது. கரைவது விளிம்பு அல்ல, காற்றில்லாத நடுப்பகுதி. காரில் இதற்குப் பொருள் என்ன? சேறு அப்பிய இடத்துக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கில், உரியத் தொடங்கிய பெயிண்டுக்குக் கீழே, அதாவது காற்று புகாத இடத்தில்தான் இரும்பு கரைகிறது. வெளியே செந்நிறமாகத் தெரியும் புள்ளி பல வேளை கதையின் கடைசி அத்தியாயம். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் இடுக்கில் பிடித்த துரு தகடுகளை நெம்பிப் பிரிக்கவும் செய்யும். வெல்டிங் வரிசையில் தகடு அலையலையாகப் புடைத்திருந்தால் உள்ளே நடப்பது இதுதான்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் விடிகாலைக் காற்று பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். அதோடு கடல் உப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இதற்காகவே மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையம் வைத்து உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் விட்டு அரிமானத்தை அளந்துவந்திருக்கிறது. குளிர்நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு செய்யும் வேலையை நம் கடலோரக் காற்றே செய்துவிடுகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது: பெட்டிகளுக்குள் புகுந்த வண்டல். தண்ணீர் வடிந்தது, வண்டல் தங்கியது, அதில் ஈரமும் தங்கியது.

800இல் நீர் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் துருவின் முகவரி கிடைத்துவிடும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்திலிருந்து தொடங்குங்கள். மரத்தடியில் நிற்கும் வண்டியில் வேப்பிலையும் பூவும் உதிர்ந்து, அதன் வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ளும். தேங்கிய நீர் இடுக்கு வழியாகக் கசிந்து முன்சீட்டில் இருப்பவரின் கால்மாட்டில் இறங்கும். கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தாலும் அதே கதை. மேலே மிதியடி, அதன் கீழே கார்ப்பெட், அதன் கீழே பஞ்சு. மேலே கை வைத்தால் காய்ந்திருக்கும். அடிப்பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். தரை உள்ளிருந்து அழுகுவது இப்படித்தான். கதவின் அடிவிளிம்பிலும் துளைகள் உண்டு. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற வேண்டிய வழி அது. ரீபெயிண்ட் செய்பவர்கள் பலர் அவற்றைப் பட்டியாலும் பெயிண்டாலும் அடைத்துவிடுகிறார்கள். பேட்டரித் தட்டில் அமிலம் சிந்தி அரித்திருக்கும். டிக்கிக் கதவின் பீடிங் தளர்ந்தால் டிக்கித் தரையில் குளம் கட்டும். பின்சக்கர வளைவில் டயர் வாரியடித்த சேறு மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, முன்சக்கர வளைவு முதல் பின்சக்கர வளைவு வரை கதவுகளுக்குக் கீழே ஓடும் நீண்ட பெட்டி. பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். வெள்ளத்தில் நின்ற ஒரு 800இன் இடப்பக்கப் பெட்டியை அறுத்துத் திறந்தபோது நான் அருகில் இருந்தேன். வெளித்தகட்டில் பெயிண்ட் நன்றாகவே இருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் கொப்புளம். கட்டிங் வீல் ஓடி முடித்துத் தகட்டை மடக்கியதும், முதலில் கொட்டியது இரும்பே இல்லை. ஈரம் குறையாத கருஞ்சேறு, ஒரு கைப்பிடி வேப்பங்காம்பு, பிறகு ஏடு ஏடாக உரிந்த துரு. உள்ளே பலம் கொடுப்பதற்காக வைத்த நடுத்தகட்டின் அடிவிளிம்பு முழுவதும் காணவில்லை. கீழே இருந்த மூன்று வடிகால் துளைகளில் ஒன்றில்கூடக் கம்பி நுழையவில்லை. முன்பு எப்போதோ வெளித்தகட்டின் மேல் இன்னொரு தகட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்த மூடல்தான் உள்ளே நடந்ததை அத்தனை காலம் மறைத்தது.

அதனால் பிரிக்கத் தொடங்குமுன் முழு வண்டியையும் சோதிக்க வேண்டும். சீட்டு, கார்ப்பெட், கதவின் உள்அட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு சத்தமில்லாமல் மங்கும். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்துங்கள். ஓட்டை விழுந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். அழுத்தியதும் விழும் ஓட்டை முன்பே இருந்த ஓட்டைதான். காந்தத்தின் மேல் மெல்லிய துணி சுற்றி ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. கண்டதையெல்லாம் படமெடுத்துக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே மீட்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். தரையில் ஓட்டை, கதவின் அடியில் ஓட்டை, ஃபெண்டர் போய்விட்டது என்றால் அஞ்ச வேண்டாம். முன் ஷாக் அப்சர்பர் மேலே பூட்டும் கோபுரமும், பின் சஸ்பென்ஷன் பற்றும் இடமும், இரு பக்கப் பெட்டிகளும் சேர்ந்தே அரித்திருந்தால், அதே மாடலில் கூடு நன்றாக உள்ள இன்னொரு வண்டியைத் தேடுவதே அறிவு. மனம் ஒப்பாது, ஆனால் அந்தக் கூட்டை நேர்கோட்டில் நிறுத்தித் திரும்பக் கட்டுவதற்கான தாங்கியும் அளவும் வீட்டில் கிடையாது.

துருவை எடுக்கும் வழிகளைப் பற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. மேற்பரப்புத் துருவுக்குக் கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும். கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போடுவது எளிது, மலிவு. சலவைச் சோடா கரைத்த நீரில் பேட்டரி சார்ஜர் இணைத்து மின்னாற்பகுப்பு செய்வது இன்னும் நல்ல முறை. நல்ல இரும்பைத் தின்னாமல் துருவை மட்டும் தளர்த்தும். ஆனால் ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பாகத்துக்கு எதிரே நேர்மின்முனையில் வைக்கச் சாதாரண இரும்புத் துண்டு போதும். எவர்சில்வர் வைத்தால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஸ்பிரிங்கையும் கடினப்படுத்திய போல்ட்டையும் அமிலத்திலும் மின்னாற்பகுப்பிலும் போடக் கூடாது; ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

துருமாற்றி என்று விற்கும் திரவங்களில் ஒருவகை பாஸ்பாரிக் அமிலம். மற்றொன்று டானிக் அமிலம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய ஊர் நம்முடையது. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு கூடிக் கருப்பதைப் போலத்தான் டானிக் அமிலம் துருவைக் கருநிறப் படலமாக மாற்றுகிறது. கம்பி பிரஷால் தேய்த்தும் குழிகளுக்குள் ஒட்டி நிற்கும் துருவுக்கு இது நல்லது. ஏடாக உரியும் துருவின் மேல் பூசினால் மேலடுக்கு மட்டும் கருக்கும், அடியில் வேலை தொடரும். ஓட்டையான தகட்டுக்கு எந்தத் திரவமும் மருந்தில்லை.

அங்கே அறுப்பதும் ஒட்டுவதும்தான் வழி. பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை அறுக்க வேண்டும். அரை அங்குலம் மிச்சம் பிடிக்கலாமே என்று நிறுத்தினால், பழைய துருவின் ஓரத்தில் வெல்டு பிடிக்காமல் தகடு ஊதிப்போகும். பெட்டியை அறுக்குமுன் வண்டியைச் சமதரையில், கூடு வளையாதபடி நான்கு இடத்தில் தாங்கி நிறுத்த வேண்டும். கதவைப் பூட்டி இடைவெளியை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அறுத்துவிட்டுப் பிறகு கதவு மூடவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. அட்டையில் வடிவம் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதை 20 அல்லது 22 கேஜ் தகட்டில் பதித்து, மடித்துக் கொள்ள வேண்டும். வீட்டில் கற்றுக்கொள்ளக்கூடிய, கற்றுக்கொள்ள இனிமையான வேலை இது. நல்ல டிங்கர் ஒருவர் சுத்தியலையும் ஒரு தண்டவாளத் துண்டையும் வைத்தே சக்கர வளைவின் மடிப்பை அப்படியே கொண்டுவந்துவிடுவார். பிரிட்டனில் 1959 முதல் வந்த மினி காருக்குத் துண்டுத் தகடு முதல் முழுக்கூடு வரை புதிதாக வாங்கலாம். நமக்கு அந்த வசதி குறைவு. இங்கே மாற்றுத் தகடு என்பது பெரும்பாலும் ஒரு மனிதரின் கைத்திறன்தான்.

வெல்டிங்கில் முறை முக்கியம். கேட்டுக்கு அடிக்கும் ஆர்க் வெல்டிங் இங்கே உதவாது. ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகட்டைப் பொசுக்கிவிடும். நம் பட்டறைகளின் பழைய துணையான கேஸ் வெல்டிங், பழகிய கையில் நன்றாக ஒட்டும். ஆனால் சூடு பரவித் தகடு கோணிக்கொள்ளும், பக்கத்து பெயிண்டும் உள்பூச்சும் எரியும். அந்த எரிந்த ஓரமே அடுத்த துருவின் தொடக்கம். 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி ஓடும் மிக் வெல்டிங்தான் இதற்கு ஏற்றது. அதிலும் கோடு இழுக்காமல் ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஓர் அடி தள்ளி, ஆறவிட்டு மறுபடி என்று புள்ளிகளாகவே இணைத்து வர வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கி வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். காலியான டேங்கில் நிற்கும் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. தீயணைப்பானும் ஒரு துணை ஆளும் இல்லாமல் வெல்டிங் தொட வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது.

எந்த ஒட்டை நாமே போடலாம், எதைக் கைதேர்ந்தவரிடம் விட வேண்டும் என்பதற்கு பிரிட்டனின் எம்.ஓ.டி. வாகனத் தகுதிச் சோதனையில் தெளிவான ஓர் அளவு உண்டு. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் போன்றவை பூட்டப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பாரம் தாங்கும் தகடு அரித்திருந்தால் வண்டி தேறாது. அங்கே ரிவெட், ஃபைபர், பட்டி எதுவும் செல்லாது. முழுமையாக வெல்டு செய்திருக்க வேண்டும். இதைவிட நல்ல கோடு எனக்குத் தெரியவில்லை. அந்த 30 சென்டிமீட்டருக்கு வெளியே உள்ள தரையும் டிக்கியும் கதவும் நம் பயிற்சிக் களம். உள்ளே இருப்பதைக் கூலி கொடுத்துச் செய்விப்பதே முறை, அருகில் இருந்து பார்த்துக்கொண்டு.

பட்டி கெட்ட பொருள் இல்லை. வெல்டு செய்து சமன்படுத்திய தகட்டின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது தன் வேலையைச் செய்யும். ஓட்டைக்கு மேல் வலை வைத்து அப்பும்போதுதான் கேடு. பட்டி நீரை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். வெறுந்தகட்டில் முதலில் எபாக்ஸி பிரைமர் அடிப்பது நல்லது. வழக்கமான ரெட் ஆக்ஸைடு நீரை முழுதாகத் தடுக்காது. அதை மட்டும் அடித்து மழையில் நிறுத்திய வண்டி மாதங்களில் மறுபடி சிவக்கும். மேல்பெயிண்டைப் பொறுத்தவரை, தேய்ப்பு வேலை அத்தனையும் வீட்டில் செய்துவிட்டு, பி.யு. பெயிண்ட் அடிக்க மட்டும் பூத்துக்குக் கொண்டுபோவதே சரி. அதன் கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட், நுரையீரலில் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடி அதற்குப் போதாது. நம் பெயிண்டர்கள் பலர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

பெயிண்டோடு வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். வெல்டு செய்த பெட்டிகளின் உட்புறம் எரிந்த வெறும் இரும்பாக நிற்கும். நீளக் குழாய் முனையால் வடிகால் துளை வழியே மெழுகுக் கரைசலைச் செலுத்தி, அது அடிவிளிம்பில் கசிந்து வெளிவரும்வரை நிறைக்க வேண்டும். பிறகு துளைகளை மறுபடி கம்பி விட்டுத் திறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். தண்ணீர் சர்வீஸ் முடித்ததும் அடியில் கழிவு ஆயிலைப் பீய்ச்சும் பழைய வழக்கம் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், இடுக்குக்குள் போய்ச் சேராது. கெட்டியான கருந்தார் பூச்சும் ஓரம் விட்டதும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை போட்டு மண்தரையில் மாதக்கணக்கில் நிறுத்துவது, மூடாமல் நிறுத்துவதைவிட மோசம். மழைக்காலத்துக்குப் பின் மிதியடியையும் கார்ப்பெட்டையும் தூக்கி வெயில் காட்டுவது செலவில்லாத பாதுகாப்பு.

சட்டப் பக்கத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன் பின் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரி வேறு. 2021இல் வந்த விதிப்படி பழம்பெரும் வாகனம் என்ற தகுதி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கே. முதல் மாருதி 800க்கே அது 2033இல்தான் வரும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். சேசிஸ் எண் பொறித்த தகட்டில் கட்டிங் வீல் படவே கூடாது.

இத்தனை கட்டணம் வாங்கும் சோதனை, வண்டியின் கூட்டைப் பார்க்கிறதா என்பதே என் கேள்வி. விளக்கும் பிரேக்கும் புகையும் பார்க்கிறார்கள்; புதுப் பெயிண்டுக்கு அடியில் பெட்டி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அரிது. 30 சென்டிமீட்டர் போன்ற ஓர் அளவுகோல் நம் எஃப்.சி. விதிகளில் வந்தால், தகட்டை மூடி மறைக்கும் வேலைக்குக் கூலி குறைந்து, அறுத்து ஒட்டும் வேலைக்குக் கூலி கூடும். அந்த வேலை தெரிந்த டிங்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு வயதாகிறது, கற்க ஆள் வருவதில்லை. ஐ.டி.ஐ.களில் வாகன உடற்கூட்டுப் பழுதுபார்ப்புக்கென்று பாடப்பிரிவே உண்டு. கைமடிப்பையும் மிக் வெல்டிங்கையும் சேர்த்துக் கற்பிக்க இந்த மூத்த டிங்கர்களை அங்கே ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். சுவாசக் கவசம் உள்ள ஒரு பெயிண்ட் பூத்தும், வாடகைக்குக் கிடைக்கும் ஒரு மிக் கருவியும் மாவட்டத்துக்கு ஒன்றாவது இருந்தால், வேப்பமரத்தடி 800கள் பலவற்றைச் சொந்தக்காரர்களே எழுப்பிவிடுவார்கள்.